வெள்ளையடித்த கோப்பை

அத்தியாயம் ஏழு

வின்ஸ்லோ பாரின் கலைக்கூடத்தில் இருந்த அந்தப் புது நிலையில் ஒரு பொருள்கூட உடைந்திருக்கவில்லை. அது சரியில்லை என்று நெட்டி ஃபோன்டேனுக்குப் பார்த்ததுமே பட்டது.

1987 அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை. பிற்பகல் இரண்டு மணி ஐந்து நிமிடம். அமெரிக்காவின் தென்கோடியில், மொபீல் துறைமுகத்தை ஒட்டிய பழைய பருத்திக் கிடங்கின் கீழ்த்தளத்தில், நாலு மணி விழாவுக்காக நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் ஆளுயரத்துக்கு நின்ற பலகைதான் அந்த நிலை. தேவாலயத்துப் பெஞ்சின் முதுகுப் பலகை. அதில் கம்பியால் கட்டியிருந்தவை ஐந்து: ஒரு கோப்பை, ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு பேனா, ஷூ மாட்டும் கொம்பு ஒன்று, உச்சியில் ஒரு மேஜைக் கடிகாரம். ஐந்தின் மேலும் கெட்டியாகச் சுண்ணாம்பு. எஸ்ரா மேப்ரியின் கைவேலை என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிச் சொல்லலாம்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் ரொம்பத் தப்பாக இருந்தது.

எஸ்ரா மேப்ரிக்கு வயது எழுபத்தொன்பது. கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருடம் வெல்டராக இருந்தவர். வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்துக் கறுப்பின ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் கடைசியாகத் தொட்ட கோப்பையையும் விளக்கையும் உடைத்துக் கல்லறை மேல் வைப்பார்கள். கடிகாரத்தை உயிர் போன நேரத்தில் நிறுத்தி வைப்பார்கள். உடைக்காமல் விட்டால் போனவர் வீட்டில் மிச்சமிருப்பவர்களையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்வார் என்று பயம். 1961-ல் மனைவி கொரின் இறந்தபோது, எஸ்ரா அவளுடைய சாமான்களைக் கல்லறையில் வைக்க மனமில்லாமல் வீட்டுக்குப் பின்னால் ஒரு நிலையாகக் கட்டி நிறுத்தினார். அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுச் சாவுச் சாமான்களையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தோட்டம் நிறைந்தது. ஒருநாள் கேமராவோடு ஒருவர் வந்தார். பிறகு புத்தகம் வந்தது. பிறகு நியூயார்க்கே வந்தது. அமெரிக்காவின் பெரிய சிற்பி என்று பத்திரிகைகள் எழுதின. ஊரில் அவர் அப்போதும் தேவாலயப் பணி பார்க்கும் டீக்கன் மேப்ரிதான்.

அந்த டீக்கனைப் பத்து நாளாகக் காணவில்லை. அவர் மகள் லூசில், நாற்பத்தாறு வயதுப் பள்ளிக்கூடச் சமையல்காரி, ஷெரிப் கைவிரித்த பிறகு ஆம்ப்ரோஸ் டீஸிடம் வந்தாள். டீஸ் முப்பது வருடம் ஈமச்சடங்குக் காப்பீட்டுக்காரராக வீடு வீடாக ஏறி இறங்கியவர். அந்த ஜில்லாவில் யார் எப்படிச் செத்தார்கள் என்று அவருக்குத் தெரிந்த அளவு பாதிரியாருக்கும் தெரியாது. ஓய்வு பெற்றதும் துப்பறிய ஆரம்பித்தார். அழகு நிலையத்தை மூடிவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டவள் நெட்டி. இப்போது லூசிலோடு இருவரும் அந்த நிலையின் முன்னால் நின்றார்கள்.

"காணோம், காணோம்னு நீங்கதான் கலங்கறீங்க," என்றார் எஸ்ராவின் சிற்பங்களை விற்கும் கலைக்கூடக்காரர் பார். குதிகாலால் மிதித்து மடங்கிப்போன ஷூவைச் செருப்புபோல இழுத்துக்கொண்டு வந்தார். கையில் காகிதக் குவளையில் காப்பி. "இதோ, செவ்வாய்க்கிழமை லாரி ஆபீஸ் மூலமா வந்து இறங்கிச்சு. செத்துப்போன மனுஷன் சிற்பம் அனுப்புவாரா?"

"இவ்வளவு பெரிய இடத்துல காகிதக் குவளைதானா, மிஸ்டர் பார்?" என்றாள் நெட்டி. "எங்க சர்ச்சுல கூட இழவுக்கு வந்தவங்களுக்குப் பீங்கான்ல குடுப்போம்."

"இந்த வாரம் எதுவுமே கைக்கு அகப்படறதில்லை." நாற்காலிக்காரன் ரசீதை நீட்டினான். பார் சட்டைப்பையைத் தடவினார், நெட்டியின் பேனாவைக் கேட்டு வாங்கினார், ரசீதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக் குத்துமதிப்பாகக் கையெழுத்துப் போட்டார்.

டீஸ் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நிலையைச் சுற்றிவந்தார். "டீக்கனை நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"ஆறாம் தேதி. மேல என் அறைக்கு வந்தார். நான் நியூயார்க்கோட போன்ல இருந்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் போனை வச்சுட்டுத் திரும்பறேன், ஆளில்லை. ஒரு வார்த்தை பேசலை."

"இது வந்தப்போ இப்படியேதான் இருந்துச்சா?"

பாரின் முகம் மலர்ந்தது. "அதைக் கேளுங்க. வழியில அத்தனையும் நொறுங்கிப்போச்சு. நான் விடுவேனா? நல்ல ஆளா வரவழைச்சு மூணு நாள்ல எல்லாத்தையும் சரிபண்ணிட்டேன். கடிகாரம்கூட ஓடுது பாருங்க." பழுது பார்த்தவன் எழுதிவைத்த தாளை நீட்டினார்.

டீஸ் படித்தார். பிறகு லூசிலுக்கும் கேட்கும்படி, மெதுவாக வாசித்தார்.

"கோப்பை: அடியில் ஆணியால் குத்தியதுபோல் ஒரு துளை, அடைக்கப்பட்டது. சுண்ணாம்புக்கு அடியில் தங்க விளிம்பு. கண்ணாடி: ஒரு வில்லை உடைந்தது, மாற்றப்பட்டது. பேனா: முள் வளைந்தது, நிமிர்த்தப்பட்டது. ஷூக் கொம்பு: இரண்டாக ஒடிந்தது, ஒட்டப்பட்டது. கடிகாரம்: நாலு முப்பத்தஞ்சுக்கு நின்றிருந்தது, ஓடவைக்கப்பட்டது."

லூசில் கோப்பையின் அடியில் விரலை ஓட்டினாள்.

"வழியில உடைஞ்சதில்லை, மிஸ்டர் டீஸ்," என்றாள் லூசில். "அப்பா உடைச்சது. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு அடி. அவர் அப்படித்தான் உடைப்பார்."

நிலையின் பின்பக்கம் ஒரு தகரத் தகடு ஆணியடித்திருந்தது. எஸ்ராவுக்குத் தன் கையெழுத்தைத் தவிர எழுத்துத் தெரியாது, எண் தெரியும். கப்பல் பட்டறையின் எண் அச்சுகளை வைத்து, இறந்த தேதியைத் தகரத்தில் அடிப்பார். பெயரை லூசில் எழுதுவாள். இந்தத் தகட்டில் பெயர் இல்லை. மாதம், நாள், வருடம் என்று தேதி மட்டும் இருந்தது: 10 16 87.

"விழாத் தேதியையே அடிச்சு அனுப்பியிருக்கார், பார்த்தீங்களா," என்றார் பார். "அந்தக் காலத்து மரியாதை."

செவ்வாய்க்கிழமை வந்து இறங்கிய தகட்டில் வெள்ளிக்கிழமைச் சாவு. நெட்டி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி இருபது.

"அப்பா தனக்குத்தானே கட்டிக்கிட்டாரு," என்று லூசில் தரையைப் பார்த்துச் சொன்னாள். "கையெழுத்துப் போடறதுக்குன்னு ஒரு பேனா வச்சிருப்பார். கண்ணாடி உண்டு. மேல இவ்வளவு சுண்ணாம்பு இருந்தா எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இன்னிக்கு நாலு முப்பத்தஞ்சுக்கு எங்கப்பா போகப்போறார், மிஸ்டர் டீஸ். அதுக்குள்ள அவரைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

"எங்கே போவார்?"

"வீட்டுத் தோட்டத்துல, எங்க அம்மா இடத்துக்குப் பக்கத்துல போய்ப் படுப்பார்."

வளைகுடாப் பாலத்தைத் தாண்டி ஐம்பது நிமிடப் பாதை. வண்டியை நெட்டி ஓட்டினாள். டீஸ் ஓட்டினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத்தான் போய்ச் சேரலாம். பாதி வழியில் அவர் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

"தங்க விளிம்பு வச்ச கோப்பை."

"டீக்கனுக்கு வசதி வந்துடுச்சுல்ல. நாலு மியூசியம் வாங்கியிருக்கு," என்றாள் நெட்டி.

"வசதி வந்தவன் வீட்டை மாத்துவான், வண்டியை மாத்துவான். காப்பிக் கோப்பையை மாத்த மாட்டான், நெட்டி. முப்பது வருஷம் சமையலறை மேஜைகள்ல உட்கார்ந்தவன் சொல்றேன்."

மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு வீட்டை அடைந்தார்கள். பின்தோட்டத்தில் நூற்று நாற்பது நிலைகள் வெள்ளை வெளேரென்று நின்றன. காற்று உடைந்த கண்ணாடிகளில் நுழைந்து வெளியேறும்போது, நிறையப் பேர் வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல இருந்தது. நெட்டி வரிசை வரிசையாகத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். யாரும் கிடக்கவில்லை. தோட்டத்தின் நடுவில், சிப்பி ஓடு பதித்த ஒரு சதுரம் மட்டும் காலியாக இருந்தது.

"அம்மாவோட இடம்," என்றாள் லூசில். "எல்லாத்துலயும் பெருசு அதுதான். முதல்ல கட்டினது. மத்தவங்க வீட்டு நிலையெல்லாம் அந்தந்த வீட்டார் சம்மதிச்சா குடுப்பார். இதை மட்டும் விக்க மாட்டேன்னுட்டார். நியூயார்க் காட்சிக்கு இரவல்னு சொல்லி மிஸ்டர் பார் ஜூன் மாசம் கொண்டுபோனார். இன்னும் திரும்பி வரலை."

வீடு பூட்டியிருக்கவில்லை. சமையலறை ஆணியில் நசுங்கிய தகரக் குவளை தொங்கியது. லூசில் அதைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பைபிளின் மேல் மூக்குக்கண்ணாடி, இரண்டு வில்லையோடு. இழுப்பறையில் பேனா. சுவரில் கடிகாரம், சரியான நேரத்துக்கு ஓடிக்கொண்டு.

"எல்லாம் இங்கேயே இருக்கு," என்றாள் லூசில். "இவர் குடிக்கிறது இதுலதான். அப்போ அந்தப் பலகையில இருக்கிறது அப்பாவுது இல்லை."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்று நெட்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "பத்து வயசு கூடிப்போச்சு எனக்கு. ஏற்கெனவே குறைச்சுச் சொல்ற வயசு வேற."

ஆனால் டீஸின் முகம் தெளியவில்லை. அவர் படுக்கையறைக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். "லூசில், அப்பா தன் அடக்கத்துக்குன்னு எடுத்து வச்ச கறுப்புக் கோட்டு எங்கே?"

அலமாரியில் வெறும் கொக்கி ஆடியது. அதற்கு மேலே சுவரில் இரண்டு மர முளைகள். அவற்றிலிருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியையும் காணோம்.

மூவரும் பட்டறைக் கொட்டகைக்கு ஓடினார்கள். அங்கே பெஞ்சின் மேல் தடித்த வழவழப்பான புத்தகம் ஒன்று திறந்து கிடந்தது. நியூயார்க் காட்சிக்காக அச்சடித்தது. எஸ்ராவால் எழுத்தைப் படிக்க முடியாது. படத்தைப் பார்க்க யாருடைய துணையும் வேண்டாம்.

லூசில் பக்கத்தைப் புரட்டினாள். சிறு சிறு பலகைகள், பக்கத்துக்கு ஒன்றாக. ஒன்றில் சீப்பு. ஒன்றில் இஸ்திரிப் பெட்டி. ஒன்றில் ஒற்றைக் காதணி. பலகைகளின் ஓரத்தில் புதிதாக ரம்பம் ஓடிய தடம்.

"இது அம்மா சீப்பு," என்றாள். படங்களுக்குக் கீழே அச்சடித்திருந்ததையும் சேர்த்துப் படித்தாள். "இது அம்மா பெட்டி. பதினொண்ணுல ஒண்ணு, தனியார் வீட்டுல. பதினொண்ணுல ரெண்டு, தனியார் வீட்டுல." அவள் குரல் உடையவில்லை, அதைவிட மோசமாகத் தட்டையாகிப்போனது. "எங்கம்மாவைப் பதினொரு துண்டா அறுத்துட்டாங்க."

டீஸ் புத்தகத்தின் மேல் குனிந்தார். "நெட்டி, இந்தப் பக்க எண்ணெல்லாம் குறிச்சுக்க."

நெட்டி பைக்குள் கையை விட்டாள். துழாவினாள். "பேனா அந்த ஆள்கிட்டயே போயிடுச்சு. பெரிய மனுஷன், ஒரு பேனாகூட இல்லாம..."

கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"பேனா இல்லை," என்றாள், இப்போது மெதுவாக. "கண்ணாடி இல்லை. காகிதத்தை ஒரு முழம் தள்ளிப் பிடிச்சுப் படிக்கிறார். ஷூவை மிதிச்சுக்கிட்டு நடக்கிறார், மாட்டக் கொம்பு இல்லை. காகிதக் குவளையில காப்பி. மிஸ்டர் டீஸ், ஆறாம் தேதி டீக்கன் அந்த அறையில ஒரு மணி நேரம் சும்மா உட்காரலை."

"சாமான் எடுத்திருக்கார்," என்றார் டீஸ்.

"அந்த ஆளோட கோப்பையை அவர் கண்ணுக்கு முன்னாலயே வச்சிருக்கு. அந்த ஆளுக்கு அடையாளம் தெரியலையா?"

"சுண்ணாம்பு அடிச்சாச்சு, நெட்டி. அதோட, பார் பதினோரு வருஷமா டீக்கனோட கலையைப் பார்க்கிறவர். பொருளை எப்போ பார்த்தார்?" டீஸ் புத்தகத்தை மூடினார். "நாம ஆளை மாத்திப் பிடிச்சோம். நாலு முப்பத்தஞ்சுக்குச் சாகப்போறவர் டீக்கன் இல்லை."

மூன்று மணி முப்பத்தொன்று. வீட்டுத் தொலைபேசியில் டீஸ் கலைக்கூடத்துக்கு எண்ணைச் சுழற்றினார். எடுத்த பெண்ணின் குரலில் விழா உற்சாகம்.

"மிஸ்டர் பார் மேல இருக்கார். உங்களுக்கு விஷயம் தெரியாதா? மிஸ்டர் மேப்ரியே வந்துட்டார். என்ன அழகான கறுப்புக் கோட்டு. கையில நீளமா ஒரு பொட்டலம், புது வேலை போல. யாரும் தொந்தரவு பண்ண வேண்டாம்னு உள்ளே இருந்தே சொல்லிட்டாங்க."

டீஸ் போலீஸுக்குச் சுழற்றப் போனபோது லூசில் தொலைபேசியை அமுக்கிப் பிடித்தாள். "துப்பாக்கி வச்சிருக்கிற கறுப்புக் கிழவன்னு சொல்லப்போறீங்களா? அவங்க வந்தா பேசவா செய்வாங்க? நீங்க எனக்கு அப்பாவைக் கண்டுபிடிச்சுத் தர்றேன்னு வந்தீங்க."

டீஸ் ரிசீவரை வைத்துவிட்டார்.

திரும்பும் வழியிலும் நெட்டிதான் ஓட்டினாள். பாலத்தின் மேல் இறால் லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. இடப்பக்கத்து எதிர்ப்பாதையில் புகுந்து, எதிரே வந்தவன் ஹாரனை அமுக்க அமுக்க, அதைத் தாண்டினாள். பின்சீட்டில் லூசில் உதடு அசைய நிமிடங்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

நாலு மணி இருபத்தெட்டு. கூடம் நிறைந்திருந்தது. வெள்ளை நிலையைச் சுற்றி ஒயின் கோப்பைகளோடு நாற்பது பேர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். அவர்களைப் பிளந்துகொண்டு மூவரும் படியேறினார்கள். டீஸ் கதவின் மேல் கைவைத்தார். லூசில் அவர் கையை எடுத்து அப்புறப்படுத்தினாள்.

"எங்கப்பா. நான் போறேன்."

கதவு தாழிடப்படவில்லை. திறந்த இடைவெளியில் நெட்டி பார்த்தாள். பார் மேஜைக்குப் பின்னால் இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். சட்டைக் கழுத்து நனைந்து கறுத்திருந்தது. எதிரே எஸ்ரா மேப்ரி, இழவுக்கு வந்தவர்போல் முதுகு நிமிர்ந்து. துப்பாக்கி முழங்காலில், குழல் மேஜையைப் பார்த்து. கிழவர் பாரைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வாங்க, அப்பா."

"ஆறு நிமிஷம் இருக்கு, மகளே. முடிச்சுட்டு வர்றேன்."

"திருப்பி வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டேன், லூசில்," என்றார் பார். "பதினொண்ணையும். நீங்களாவது சொல்லுங்க."

"நீங்க பேசாம இருங்க," என்றாள் லூசில், அவரைத் திரும்பிப் பார்க்காமலே. அப்பாவின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கெஞ்சவில்லை. சந்தைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல ஆரம்பித்தாள்.

"ஜெயில்ல கோப்பை யாரோடது, அப்பா?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"சர்க்காரோடது. கரண்டி சர்க்காரோடது. போர்வை சர்க்காரோடது. கண்ணாடியை வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்க. நீங்க போன அன்னிக்கு எல்லாத்தையும் கழுவி அடுத்த ஆள் கையில குடுத்துடுவாங்க. நான் வாசல்ல போய் நின்னா என்ன தருவாங்க?"

"வீட்டுல என் குவளை இருக்கு."

"அது நீங்க கடைசியாத் தொட்டது இல்லையே. எனக்கா சொல்றீங்க? நூத்தி நாப்பது வீட்டுக்காரங்ககிட்ட நீங்க கேட்ட முதல் கேள்வி அதுதானே, கடைசியாத் தொட்டது எதுன்னு." அவள் நாற்காலியை அப்பா பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் எதை உடைப்பேன், அப்பா? எதைக் கட்டுவேன்? அம்மா இடம் வெறுஞ் சிப்பியாக் கிடக்கு. பக்கத்துல உங்க இடமும் அப்படித்தான் கிடக்கும். ஊர்ல எல்லார் வீட்டுப் பிணத்துக்கும் நிலை உண்டு, கட்டினவனுக்கு மட்டும் இல்லை."

முள் நகர்ந்தது. நாலு முப்பத்திமூன்று. முப்பத்திநாலு. கீழே யாரோ சிரித்தார்கள். நெட்டி டீஸின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

முப்பத்தைந்து.

எஸ்ரா மேப்ரியின் கட்டைவிரல், பின்னுக்கு இழுத்திருந்த துப்பாக்கிச் சுத்தியலைத் தேடிப் போனது. அதை அழுத்திப் பிடித்து, வெடிக்காதபடி மெள்ள மெள்ளக் கீழே இறக்கியது. இரண்டாவதையும் இறக்கியது.

டீஸ் உள்ளே போய்த் துப்பாக்கியை வாங்கி நடுவில் மடக்கித் திறந்தார். இரண்டு தோட்டாக்களும் அவர் உள்ளங்கையில் விழுந்தன. "இங்க நடந்ததை நீங்க வெளியே சொன்னா," என்று பாரிடம் சொன்னார், "இரவல் வாங்கின நிலையை ரம்பத்தால அறுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். பதினொரு வீட்டு முகவரியும் இப்பவே வேணும்."

பார் எழுதினார். எழுத்து கோணல் மாணலாக ஓடியது. தாளை லூசிலிடம் நீட்டியபோது அவர் பார்வை கிழவரிடமே இருந்தது.

"கீழே இருக்கிறது... அது என்னோட சாமான்தானே?"

எஸ்ரா தலையசைத்தார்.

"அதுல இன்னிக்குத் தேதி இருக்கு. அதைப் பிரிச்சுடுங்க, மிஸ்டர் மேப்ரி. இப்பவே. தயவு பண்ணி."

கிழவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார். குரலில் கோபம் துளியும் இல்லை.

"கட்டினதைப் பிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை."

நாலு பேரும் படியிறங்கினார்கள். கறுப்புக் கோட்டில் சிற்பியைக் கண்டதும் கூடத்தில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் நெட்டியின் காதில் அது தெளிவாக விழுந்தது: மேலே, வின்ஸ்லோ பார் தன் அறைக் கதவை உள்ளேயிருந்து தாழிட்டார். பிறகு கனமான எதையோ கதவுக்கு முட்டுக்கொடுக்க இழுத்துக்கொண்டு வந்தார்.